நாரந்தனையை ஆர் மன்னிச்சது?

1994 பொதுத் தேர்தலில் ஈபிடிபி எடுத்தது 10,744 வாக்கு. யாழ் மாவட்டத்தின் பெரும்பகுதி மக்கள் வாக்களிக்க முடியாமல் இருந்ததால் அதுக்கே 9 ஆசனம் கிடைத்தது. கூடுதலானவை தீவகத்து வாக்குகள். அண்டையிலிருந்து தீவகம் எண்டால் தங்கட உறுதிக்காணி எண்ட நினைப்பு அந்தக் கட்சிக்கு.

2001 நவம்பர் 28. வாக்குக் கேட்டுத் தீவகத்துக்குப் போன கூட்டமைப்பினர் நாரந்தனையில் தாக்கப்பட்டார்கள். இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். மாவை சேனாதிராசா காயப்பட்டார். அப்ப டக்ளஸ் தேவானந்தா அமைச்சர். தீர்ப்பு வர 15 வருசம். 2016 டிசம்பரில் ஈபிடிபிக்காரர் மூவருக்கு மரண தண்டனை; அதில் இருவர் நாட்டிலேயே இல்லை.

அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டது தலைவர் இல்லை, உண்மைதான். ஆனால் அரசியல் பொறுப்பு எண்டு ஒண்டு இல்லையா? தீர்ப்புக்குப் பிறகும் அமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது.

2025 யூனில், மாவை தலைமை தாங்கியிருந்த அதே தமிழரசுக் கட்சி, உள்ளூராட்சி சபைகளைப் பிடிக்க அவரிட்டயே ஆதரவு கேட்டுப் போனது. "சபை நடக்க வேணுமே" எண்டு சொல்லுவினம். நடக்கட்டும். ஆனால் நாரந்தனைக்குப் பகிரங்கமாகப் பதில் சொல்லுங்கோ எண்டதுதான் முதல் நிபந்தனையாக இருந்திருக்க வேணும். அரச பலத்தைக் கட்சிக்காகப் பாவிச்ச அரசியலை எதிர்த்து வாக்கு வாங்கிப்போட்டு, தவிசாளர் கதிரைக்காக அதை மறக்கிறதுக்கு, செத்தவையின்ர வீட்டில ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?