வெந்நீர் ஏன் வரவில்லை? காரணம் மாடியில் இருக்கிறது!

மார்கழி பிறந்தால் தாடிக்கொம்பில் விடிவதற்கு முன்பே விளக்கு எரியும். சவுந்தரராஜப் பெருமாள் கோவிலுக்குப் போகிறவர்கள் குளித்துவிட்டுப் புறப்படுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குளிக்க வேண்டும். வீட்டில் முதியவர் இருந்தால் அவருக்கும் வெந்நீர் வேண்டும்.

முன்பு கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருந்தது. அதன் மேல் பெரிய தவலை இருந்தது. வசதியான வீட்டில் செம்பு பாய்லர் இருந்தது. இன்று பல வீடுகளில் அந்த வேலையை மொட்டை மாடியில் இருக்கும் சோலார் ஹீட்டர் செய்கிறது. விறகு வேண்டாம். கரண்டும் வேண்டாம். வெயில் போதும்.

அது வேலை செய்யும் வரை யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு நாள் காலையில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வருகிறது.

"ஏங்க, வெந்நீர் வரலையே!"

"நேத்து நல்ல வெயில்தானே அடிச்சுது? சோலார்னாலே இப்படித்தான்!"

இப்படிப் பேச்சு முடிந்துவிடுகிறது. மறுநாள் கடையிலிருந்து கரண்டில் சூடாகும் கம்பி ஒன்று வீட்டுக்கு வருகிறது. ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய பொருள் மாடியில் சும்மா கிடக்கிறது. சில ஆண்டுகளில் பழைய இரும்புக்காரரிடம் போய்விடுகிறது.

இது வீண் நட்டம். பெரும்பாலும் கோளாறு சிறியது. வீட்டில் உள்ளவர்களே அதைக் கண்டுபிடிக்கலாம். அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது விற்றவரின் கடமை. இதுவே என் கருத்து.

மோட்டார் இல்லாமல் சுற்றும் தண்ணீர்

வீட்டு சோலார் ஹீட்டரில் பெரும்பாலும் மோட்டார் கிடையாது. பிறகு தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது?

சூடான தண்ணீர் இலேசானது. குளிர்ந்த தண்ணீர் கனமானது. 30 டிகிரி சூட்டில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரை விட, 60 டிகிரி சூட்டில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 12 கிராம் எடை குறைவு. காப்பிக்குப் போடும் மூன்று சிறு கரண்டி சர்க்கரையின் எடைதான் அது!

இந்தச் சிறு வித்தியாசம்தான் தண்ணீரைச் சுற்ற வைக்கிறது. வெயில் படும் பலகையில் தண்ணீர் சூடாகி மேலே ஏறுகிறது. மேலே உள்ள டேங்கில் சேர்கிறது. டேங்கின் அடியில் உள்ள குளிர்ந்த தண்ணீர் பலகைக்கு இறங்குகிறது. வெயில் இருக்கும் வரை இந்தச் சுற்று நடக்கும். கண்ணாடிக் குழாய் வகையிலும் இதே கதைதான். அங்கே ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தண்ணீர் ஏறி இறங்குகிறது.

இது புதிய வித்தை அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வில்லியம் பெய்லி என்பவர் 1909-ம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட ஹீட்டரை விற்றார். பலகையைக் கீழேயும், சூடு போகாத டேங்கை மேலேயும் வைத்தார். இரவிலும் வெந்நீர் கிடைத்ததால் அதற்கு 'பகலும் இரவும்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்.

12 கிராம் பலம்தான் என்றால், தடையும் சிறிதாக இருந்தால் போதும் அல்லவா? கொஞ்சம் காற்று, கொஞ்சம் உப்பு, ஒரு குழாய் வளைவு. சுற்று நின்றுவிடும்!

ஐந்து கேள்விகள்

நல்ல வெயில் நாளில், பிற்பகல் 2 மணிக்கு மாடிக்குப் போங்கள். இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

1. டேங்கில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா? பலகையிலிருந்து வெந்நீர் வந்து சேரும் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் சுற்று அறுந்துவிடும். பச்சைத் தண்ணீர் தரும் மேல் தொட்டி, சோலார் டேங்கை விட உயரத்தில் இருக்க வேண்டும். அது காலியாகக் கூடாது.

2. பலகை மேல் வெயில் படுகிறதா? தூசி படிந்திருக்கலாம். மரம் வளர்ந்திருக்கலாம். பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு மாடி எழும்பி நிழல் விழலாம்.

3. பலகை கொதிக்கிறது, ஆனால் டேங்குக்குப் போகும் மேல் குழாய் ஆறிக் கிடக்கிறதா? அப்படியானால் சுற்றில் அடைப்பு. காற்று அடைத்திருக்கலாம். உப்பு அடைத்திருக்கலாம். வெறுங்கையால் தொடாதீர்கள். மடித்த துணி வைத்துத் தொட்டுப் பாருங்கள். டேங்கின் வெளித்தகட்டைத் தொடுவதில் பயனில்லை. உள்ளே சூடாக இருந்தாலும் வெளியே தெரியாது.

4. மாடியில் வெந்நீர் இருக்கிறது, குளியலறையில் மட்டும் வரவில்லையா? ஹீட்டர் நன்றாக இருக்கிறது. கோளாறு வீட்டுக்கு இறங்கும் குழாயில். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் இரட்டைக் குழாயையும் கவனியுங்கள். அது பழுதானால் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாயில் ஏறிவிடும்.

5. மாலையில் சுடுகிறது, காலையில் ஆறிவிடுகிறதா? பலகையின் மேல் விளிம்பை விட டேங்கின் அடிப்பாகம் ஓர் அடியாவது உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் சுற்று தலைகீழாக நடக்கும். பகலில் சேர்த்த சூட்டைப் பலகை இரவில் வானத்துக்குக் கொடுத்துவிடும்.

காற்று அடைத்தால்?

மேல் தொட்டி ஒரு முறை காலியாகி மறுபடி நிறைந்தால், குழாயில் காற்று புகுந்துவிடும். இதற்கு வைத்தியம் எளிது. விடியற்காலையில், எல்லாம் ஆறியிருக்கும்போது, தொட்டியை முழுக்க நிரப்புங்கள். கீழ் வீட்டில் உள்ள வெந்நீர்க் குழாயைத் திறந்து விடுங்கள். முதலில் குபுகுபு என்று விட்டுவிட்டு வரும். பிறகு ஒரே சீராக வரும். காற்று போய்விட்டது என்று பொருள்.

அடிக்கடி இப்படி ஆனால் குழாய் போட்டவரைக் கூப்பிடுங்கள். குழாய் மேடும் பள்ளமுமாகப் போயிருக்கும். மேட்டில் காற்று தங்கும். குழாய் சீராக ஏறிப் போக வேண்டும்.

உப்பு போடும் பூட்டு

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் போன ஊர். அதன் சுற்று வட்டாரத்தில் போர் தண்ணீரும் ஒரு பூட்டுதான்! பாறை நிலம், பல இடங்களில் தண்ணீர் உப்பு.

இட்லிப் பானையைப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிகிறது அல்லவா? அதனால்தான் நம் பெண்கள் பானைத் தண்ணீரில் சிறிது புளியைப் போடுகிறார்கள். புளிப்பு உப்பைக் கரைக்கிறது. இட்லிப் பானையில் நடப்பதுதான் சோலார் ஹீட்டரிலும் நடக்கிறது. தண்ணீர் சுடச்சுடச் சுண்ணாம்பு பிரிந்து குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது.

கணக்குப் பாருங்கள். குடிநீரின் கடினத்தன்மை ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் 2012-ம் ஆண்டின் இந்தியத் தர அளவு கூறுகிறது. உங்கள் தண்ணீரில் 400 என்று வைத்துக்கொள்வோம். தினம் 100 லிட்டர் செலவானால் 40 கிராம் உள்ளே போகிறது. ஓர் ஆண்டில் 14 கிலோவுக்கு மேல்! அதில் ஒரு சிறு பகுதி படிந்தாலும் விரல் பருமனுள்ள குழாய் என்ன ஆகும்?

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலை வேளையில், அடி வால்வைத் திறந்து கலங்கல் போகும் வரை தண்ணீரை விடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரை வைத்து உப்பை எடுங்கள். அமிலத்தை நீங்களே ஊற்றாதீர்கள். ஆற்றுத் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் அதையே ஹீட்டருக்கு விடுங்கள்.

உயிருக்கு உலை வைக்கும் தவறுகள்

டேங்கின் மேல் ஒரு குழாய் வானத்தைப் பார்த்து நிற்கும். ஆவியும் காற்றும் போகும் வழி அது. தண்ணீர் சிந்துகிறது என்று சிலர் அதை அடைக்கிறார்கள். அடைத்தால் டேங்க் வெடிக்கலாம். உள்ளிழுத்து நசுங்கவும் செய்யலாம். ஒருபோதும் அடைக்காதீர்கள்.

வெயிலில் காலியாகக் கிடந்த கண்ணாடிக் குழாய் 200 டிகிரிக்கு மேல் சூடேறலாம். அதில் உச்சிவெயிலில் தண்ணீர் விட்டால் நொறுங்கும். விடியும் முன்பு நிரப்புங்கள்.

கரண்ட் கம்பியை வாளியில் போட்டால், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது. செலவும் உண்டு. 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற்றச் சுமார் 4 யூனிட் கரண்ட் வேண்டும். சூரியன் அதைத் தினமும் சும்மா தருகிறது.

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

மத்திய அரசு 2010-ல் தேசிய சூரிய சக்தித் திட்டத்தைத் தொடங்கியது. 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் சூரிய வெப்பப் பலகை என்று இலக்கு வைத்தது. தமிழ்நாடு அரசு 2012-ல் தன் சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டது. எத்தனை பலகை வைத்தோம் என்று கணக்கு எடுப்பது நல்லது. வைத்ததில் எத்தனை இன்றும் வெந்நீர் தருகின்றன என்றும் கேட்க வேண்டாமா?

விற்கிறவர்கள் முதலில் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டுக்குச் சிறு செம்புக் குழாய்ப் பலகையை அப்படியே விற்பது தவறு. அதற்குக் கண்ணாடிக் குழாய் வகை இருக்கிறது. வீட்டுத் தண்ணீர் பலகைக்குள் போகாமலே சூடாகும் வகையும் இருக்கிறது. பொருத்துகிற நாளில் குடும்பத்தார் எல்லோரையும் மாடிக்கு அழைத்து, எந்த வால்வு எதற்கு என்று காட்ட வேண்டும். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, படம் போட்டு, டேங்கிலேயே ஒட்ட வேண்டும். இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

வாங்குகிறவர்களும் விலையை மட்டும் பேசக் கூடாது. "எங்க தண்ணிக்கு இது தாங்குமாண்ணே? வருசா வருசம் வந்து சுத்தம் செஞ்சு தருவீங்களா?" என்று கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள். "வெந்நீர் வரல" என்று மட்டும் சொல்கிறவருக்குச் செலவு அதிகம். "பலகை கொதிக்குது, மேல் குழாய் ஆறிக் கிடக்குது" என்று சொல்கிறவருக்கு வேலை சீக்கிரம் முடியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள்.