ரேர் ஸ்கில்லா? எமர்ஜென்சி ஃபண்டைப் பெருசாக்குங்க

சைதாப்பேட்டையில ரூம் எடுத்துத் தங்கி ஐடி வேலைக்குப் போறீங்களா? இமேஜிங், சிக்னல் ப்ராசஸிங் பக்கம் மாறணும்னு ஆசையா? தாராளமா மாறுங்க. ஆனா அதுக்கு முன்னாடி சேமிப்புக் கணக்கை மாத்துங்க.

முதல்ல வேலையைப் பாருங்க. அல்ட்ராசவுண்ட் ஒலி உடம்புக்குள்ள நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்துல போகுது. 15 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 0.2 மில்லிசெகண்ட்கூட ஆகாது. இப்படி 128 தடவை அனுப்பி வாங்கினா ஒரு படம். மொத்தம் 25 மில்லிசெகண்ட். அடுத்த படம் வர்றதுக்குள்ள உங்க ப்ரோக்ராம் இதை முடிச்சாகணும். லேட்டா வந்தா சரியான விடையும் தப்புதான்.

இந்தப் படிப்பு சீக்கிரம் பழசாகாது. 1965-ல் கூலி, டூக்கி ரெண்டு பேரும் வெளியிட்ட எஃப்எஃப்டி (சம்பளக் கூலி இல்லீங்க, ஆளோட பேரு) இன்னிக்கும் ஓடுது. வெப் ஃப்ரேம்வொர்க்குக்கு ஏது அந்த ஆயுசு?

ஆனா இது நிலம் மாதிரி. மதிப்பு இருக்கும், நினைச்ச நேரத்துல விக்க முடியாது. பக்கத்துலயே தரமணி ஐஐடி ரிசர்ச் பார்க்ல மருத்துவக் கருவி உருவாக்குற ஹெச்டிஐசி இருக்கு, சரி. ஆனா ஜாவாவுக்கு ஆள் எடுக்குற அளவுக்கு இதுக்குக் கம்பெனிகள் கிடையாது. வேலை போனா அடுத்தது கிடைக்க நாளாகும். அதனால எல்லாரும் சொல்ற 6 மாசக் கணக்கு பத்தாது, 10 மாசச் செலவை ஒதுக்குங்க. வாடகையோட மாசம் 30,000 ரூபாய்னா, 3 லட்சம் எஃப்டியிலயோ லிக்விட் ஃபண்ட்லயோ இருக்கணும்.

இஎம்ஐ போட்டு கோர்ஸ் வாங்காதீங்க. என்பிடெல்ல ஐஐடி பேராசிரியர்கள் எடுக்குற வகுப்புகள் இலவசம். சர்டிஃபிகேட் வேணும்னாதான் தேர்வுக் கட்டணம். வேலையில இருந்துக்கிட்டே ராத்திரி ஒரு கோர்ஸை முழுசா முடிங்க. அப்பவும் ஆசை குறையலைன்னா ரெசிக்னேஷன் பத்திப் பேசலாம்.