மீள்குற்ற மதிப்பீடும் ஆறாம் படிவமும்

சட்டத்தோடு முரண்பட்ட ஒரு சிறுவன் நாளை என்ன செய்வான் என்பதை இந்தியச் சட்டம் மூன்று கட்டங்களில் கணிக்க முற்படுகிறது. அவன் பிணை கோரும்போது ஒரு முறையும், 16 வயது நிரம்பிய பின் அவன்மீது கொடிய குற்றம் சுமத்தப்பட்டால் அவனை வளர்ந்தவனைப்போல் விசாரிக்கலாமா என்று முடிவெடுக்கும்போது இன்னொரு முறையும், வழக்கின் இறுதியில் அவனை வீட்டுக்கு அனுப்புவதா சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவதா என்று ஆணையிடும்போது மற்றொரு முறையும் இக்கணிப்பு நிகழ்கிறது. ஒருமுறை பிடிபட்டவர் மீண்டும் குற்றத்தில் ஈடுபடக்கூடிய வாய்ப்பை மீள்குற்ற இடர் என்று குற்றவியலாளர் வழங்குவர். அந்த இடரைக் குறைக்க அச்சிறுவனுக்கு எது கிடைக்க வேண்டும் என்பதே அவனது தேவை. இவ்விரண்டும் சேர்ந்தே மதிப்பிடப்பட வேண்டியவை. நடைமுறையிலோ இடர் பற்றிய ஊகம் வலுவான இடத்தில் அமர்ந்திருக்க, தேவை பற்றிய விசாரணை ஒரு படிவத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது.

இதன் விளைவை விளங்கிக்கொள்ள பெங்களூரின் நீலசந்திரா பொருத்தமான இடம். ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஈஜிபுரா ஆகியவற்றுக்கு இடையே நெருக்கமாக அமைந்த இப்பகுதி தமிழ், உருது, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும், உழைப்பாளர் குடும்பங்கள் மிகுந்த குடியிருப்பு. இங்கு வளரும் சிறுவன் வீட்டில் ஒரு மொழியும் நண்பர்களிடம் இன்னொன்றும் பள்ளியில் மற்றொன்றும் பேசுவது இயல்பு. அச்சிறுவன் வழக்கில் சிக்கினால் அவனைப் பற்றி எழுதப்படும் ஒவ்வொரு வரியிலும் அவனது குணத்தோடு அவனது முகவரியும் கலந்துவிடுகிறது.

முதலில் பிணை. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 12-ஆம் பிரிவு, குற்றம் எத்தகையதாயினும் சிறாருக்குப் பிணை வழங்குவதையே பொது விதியாக வைத்திருக்கிறது. ஆயினும் விடுவிக்கப்படும் சிறுவன் அறியப்பட்ட குற்றவாளி எவருடனும் சேர வாய்ப்பிருந்தாலோ, ஒழுக்க, உடல், உள ரீதியான ஆபத்துக்கு ஆளாக நேரிடும் என்றாலோ, நீதியின் நோக்கம் குலைந்துவிடும் என்றாலோ பிணையை மறுக்கலாம் என்றும் அது சொல்கிறது. காப்பதற்காக எழுதப்பட்ட இவ்விதிவிலக்கு, காவல்துறையின் ரௌடிப் பட்டியலில் பெயருள்ள ஒருவர் அடுத்த சந்தில் வசிக்கிறார் என்பதற்காகவே ஒரு சிறுவனைக் கூர்நோக்கு இல்லத்தில் நிறுத்திவைக்கும் காரணமாக மாறிவிடக்கூடும். அந்த மனிதர் அடுத்த சந்தில் வசிப்பது சிறுவனின் செயலன்று. பல தளங்களுக்கு உயர்ந்த அடுக்ககத்தில் வாழும் சிறுவனுக்கு இந்த அண்டைவீட்டார் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. இடத்தின் இடரை ஆளின் இடராக எண்ணும் இப்பிழை, மதிப்பீடு என்று பெயரிடப்படாமலே நிகழும் மதிப்பீடு.

இரண்டாம் கட்டம் 15-ஆம் பிரிவின்படி நடக்கும் பூர்வாங்க மதிப்பீடு. 16 முதல் 18 வயதுக்குள் உள்ளவர்மீது, குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு எனும் அளவுக்குக் கொடிய குற்றம் சுமத்தப்பட்டால், ஒரு நீதித்துறை நடுவரும் இரு சமூகப் பணியாளரும் அடங்கிய இளைஞர் நீதிக் குழுமம் அவரது உடல், மனத் திறனையும், விளைவுகளை உணரும் ஆற்றலையும், குற்றம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சூழலையும் மதிப்பிட வேண்டும். பின்னர் வழக்கைத் தானே நடத்துவதா, குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றுவதா என்று அது முடிவெடுக்கிறது. குருகிராம் பள்ளி ஒன்றில் 2017-இல் நிகழ்ந்த கொலை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜூலை 13 அன்று, இது நுண்மையான பணி என்றும், குழுமத்தில் குழந்தை உளவியலோ உளமருத்துவமோ பயின்று தொழில் செய்பவர் இல்லையெனில் வல்லுநரின் உதவியைப் பெற்றே தீர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கர்நாடகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2024 மே மாதம் அதே நீதிமன்றம், இம்மதிப்பீட்டுக்குச் சட்டம் விதித்த மூன்று மாத வரம்பு கட்டாயமன்று, வழிகாட்டும் தன்மையதே என்று கூறியது.

இத்தீர்ப்புகள் மதிப்பீட்டின் தரத்தை உயர்த்த முயல்வன என்பதில் ஐயமில்லை. ஆனால் 15-ஆம் பிரிவு கேட்கும் வினாவே வேறு திசையில் நிற்கிறது. குற்றம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நேரத்தில் சிறுவனின் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று மாதங்கள் கழித்துக் கேட்பதற்கான நம்பகமான கருவி உளவியலில் இல்லை. நுண்ணறிவுச் சோதனையில் இயல்பான மதிப்பெண் பெறுவதும், நண்பர் குழுவின் நடுவே கொதிநிலையில் தன்னை அடக்கிக்கொள்வதும் வெவ்வேறு ஆற்றல்கள். மேலும், குற்றம் நிரூபணமாகும் முன்பே சூழலைப் பற்றிப் பேசவைப்பது, சிறுவனிடமிருந்து ஒப்புதல் வாக்குமூலம் போன்ற ஒன்றைப் பெறும் ஆபத்தை உள்ளடக்கியுள்ளது. இவ்வளவு உழைப்புக்குப் பின்னரும், அவன் திரும்பவும் குழுமத்தின் முன் வந்து நிற்காதிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்த மதிப்பீட்டு அறிக்கையில் விடை இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அந்த வினாவை உலகம் கேட்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கனடிய உளவியலாளர்களான ஆண்ட்ரூஸ், பொன்டா, ஹோக் மூவரும் 1990-இல் வெளியிட்ட கட்டுரை, இடர், தேவை, ஏற்புநிலை என்ற மூன்று கொள்கைகளை வகுத்தது. மிகுந்த இடருள்ளவருக்கே செறிவான உதவி செல்ல வேண்டும் என்பதும், குறைந்த இடருள்ளவரை அத்தகையோருடன் அடைத்துவைத்துச் செறிவான சீர்திருத்தத்துக்கு உட்படுத்தினால் தீங்கே விளையும் என்பதும் முதல் கொள்கை. போதைப் பழக்கம், பள்ளி இடைநிற்றல், குற்றத்தில் ஈடுபடும் நட்பு வட்டம் போன்று குற்றத்தோடு நேரடித் தொடர்புடையனவும் மாற்றத்தக்கனவுமான தேவைகளைக் குறிவைக்க வேண்டும் என்பது இரண்டாவது. உதவியானது அவரவர் மொழி, கற்கும் விதம், பண்பாடு ஆகியவற்றுக்கு ஏற்றதாக அமைய வேண்டும் என்பது மூன்றாவது. இதன் அடிப்படையில் உருவான ஒய்.எல்.எஸ்./சி.எம்.ஐ. என்ற கருவி, முந்தைய குற்றம், குடும்பம், கல்வி அல்லது வேலை, நட்பு, போதை, ஓய்வுநேரம், ஆளுமை, மனப்பான்மை என எட்டுத் துறைகளில் 42 கூறுகளைச் சரிபார்க்கிறது. சேவ்ரி என்ற மற்றொரு கருவி 24 இடர்க் காரணிகளுடன், ஆதரவு தரும் பெரியவர், பள்ளியின்மீது பற்று போன்ற ஆறு காப்புக் காரணிகளையும் கணக்கில் கொள்கிறது. சிங்கப்பூரின் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு முதற்கருவியைப் பயன்படுத்துவதோடு, அது அந்நாட்டுச் சிறாரிடம் செல்லுபடியாகிறதா என்று அங்குள்ள ஆய்வாளர் தனியே சோதித்தும் பார்த்தனர்.

இச்சோதனை இல்லாமல் அயல்நாட்டுப் பட்டியலை அப்படியே நீலசந்திராவுக்குக் கொண்டுவந்தால் நிகழக்கூடியதைக் கூறு கூறாக எண்ணிப் பார்க்கலாம். ஒழுங்கமைந்த பொழுதுபோக்கு இல்லை என்பது ஒரு மதிப்பெண். விளையாடத் திடல் இல்லாத சந்துகளில் அது ஏறத்தாழ எல்லாருக்கும் விழும். பெற்றோரின் மேற்பார்வை போதாது என்பது இன்னொன்று. வீட்டுவேலைக்கு விடியலில் கிளம்பும் தாயின் பிழைப்பு அங்கே குறையாகப் பதிவாகும். நிலையற்ற குடியிருப்பும் பல மதிப்பீடுகளில் இடர்க் காரணி. அருகிலுள்ள ஈஜிபுராவில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான குடியிருப்பிலிருந்து 2013 ஜனவரியில் சுமார் 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டுத் தகரக் கொட்டகைகள் இடித்துத் தள்ளப்பட்டன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியும் முகவரியும் இழந்ததை அவர்களது இடராகக் கணக்கிடுவது அரசே உண்டாக்கிய காயத்தைச் சிறுவன் பெயரில் வரவு வைப்பதாகும். முந்தைய குற்றம் என்ற கூறு இன்னும் சிக்கலானது. 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, கொடிய குற்றமாகவோ வளர்ந்தவருடன் சேர்ந்து செய்ததாகவோ இருந்தாலன்றிச் சிறார்மீது முதல் தகவல் அறிக்கையே பதியப்படக்கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதி, ஒன்றாம் படிவத்தில் சமூகப் பின்னணியைக் குறித்தால் போதும். ரோந்து மிகுந்த தெருவில் வாழ்பவனுக்குப் பதிவுகளும் மிகும். அவற்றை எண்ணிக் கூட்டும் கருவி குற்றத்தை அளக்கிறதா, காவலரின் கவனத்தை அளக்கிறதா என்பது தெளிவாகாது.

கருவி நியாயமாக இருந்தாலும் எண்கணிதம் எச்சரிக்கிறது. எடுத்துக்காட்டாக 100 சிறாரில் 20 பேர் மீண்டும் குற்றத்தில் ஈடுபடுபவர் என்றும், ஒரு கருவி அவர்களில் 70 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டறிந்து, மற்றவர்களில் 30 விழுக்காட்டினரைத் தவறாக இடருள்ளவராகக் காட்டுகிறது என்றும் கொண்டால், அது 38 பேரைச் சுட்டும். அவர்களில் 24 பேர் ஒருபோதும் திரும்பி வராதவர்கள். கூடுதல் ஆலோசனைக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஆள் தேர்வதற்கு இப்பிழை தாங்கத்தக்கது, ஏனெனில் தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குக் கிடைப்பது ஒரு பயிற்சி. விடுதலையை மறுப்பதற்கு இது தாங்கத்தக்கதன்று. ஆகவே இடர் மதிப்பெண் உதவியின் அளவைத் தீர்மானிக்கலாம், சிறுவனின் சுதந்திரத்தைத் தீர்மானிக்கக்கூடாது. இங்கிலாந்தில் 2009 முதல் மதிப்பெண்ணுக்கேற்பக் கண்காணிப்பின் செறிவைக் கூட்டிய முறை ஆய்வாளர்களின் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானதையும், பின்னர் மதிப்பெண்ணைப் பின்னுக்குத் தள்ளி, சிறாரின் வலிமைகளை முன்வைக்கும் மதிப்பீட்டுச் சட்டகம் அங்கே கொண்டுவரப்பட்டதையும் இந்தியத் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டும்.

காலமும் இந்தக் கணக்கில் பங்கேற்கிறது. உளவியலாளர் டெரி மாஃபிட் 1993-இல் பிரித்துக் காட்டியபடி, பதின்பருவத்தில் தொடங்கி அதோடு நின்றுவிடும் பெரும்பான்மையினரும், சிறுவயது முதல் வாழ்நாள் நெடுகிலும் தொடரும் மிகச் சிறுபான்மையினரும் ஒரே வயதில் ஒரே குற்றத்தில் பிடிபடும்போது ஒரே மாதிரி தோன்றுவர். அமெரிக்காவின் இரு பெருநகர் மாவட்டங்களில் கடுங்குற்றங்களில் ஈடுபட்ட 1,354 இளையோரை ஏழாண்டுகள் தொடர்ந்த ஆய்வு, அவர்களில் பெரும்பாலானோர் குற்றச்செயலைக் குறைத்துக்கொண்டதையும், நீண்ட நாள் அடைத்துவைத்தது மீள்குற்றத்தைக் குறைக்கவில்லை என்பதையும் காட்டியது. இந்தியாவில் 2022-இல் சிறார்மீது 30,555 வழக்குகள் பதிவாயின. பிடிக்கப்பட்டோரில் ஐந்தில் நால்வருக்குச் சற்றுக் குறைவானோர் 16 முதல் 18 வயதினர். தானாகவே கடந்துபோகும் வாய்ப்பு மிகுந்த வயதில் நிற்பவரைப் பற்றி நிரந்தரமான தீர்ப்பு எழுதுவது அறிவியலுக்கும் பொருந்தாது.

மூன்றாம் கட்டமான இறுதி ஆணைக்காக உரிய வினாவைக் கேட்கும் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. சிறுவன் குழுமத்தின் முன் முதலில் நிறுத்தப்பட்ட 15 நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலரோ, அவர் இல்லாவிடில் குழந்தை நல அலுவலரோ சமூகப் பணியாளரோ, சமூக விசாரணை அறிக்கையை ஆறாம் படிவத்தில் அளிக்க வேண்டும். குடும்ப உறவுகள், பள்ளியை விட்ட காரணம், வேலை, நண்பர்கள், பழக்கங்கள், சிறுவன் தானே வன்முறைக்கு ஆளானவனா, பெரியவர்களோ கும்பலோ அவனைப் போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்தினார்களா என்பன அதில் உள்ள வினாக்கள். முன்சொன்ன கருவியின் எட்டுத் துறைகளில் பெரும்பாலானவை இங்கேயே உள்ளன; அயற்கருவி எதுவும் வாங்காமலே தேவை மதிப்பீடு தொடங்கலாம். சிறுவனைக் கடத்தலுக்குப் பயன்படுத்துவோரைத் தண்டிக்க 78-ஆம் பிரிவும், அவனுக்குப் போதைப்பொருள் கொடுப்போரைத் தண்டிக்க 77-ஆம் பிரிவும் இருக்க, படிவத்தின் அந்த வரியில் ‘ஆம்’ என்று விழுந்தால் விசாரணை யாரை நோக்கித் திரும்ப வேண்டும் என்பதும் தெளிவு.

இப்படிவம் உயிர்பெறுவது அதை நிரப்புபவரைப் பொறுத்தது. வழக்குச் சுமை மிகுந்த அலுவலர், பெற்றோரைக் குழுமத்தின் வளாகத்திலேயே சந்தித்துச் சில நிமிடங்களில் வினாக்களை முடித்துக்கொண்டால், ‘தீய நட்பு, பெற்றோர் கவனமின்மை’ என்ற இரு சொற்றொடர்களே எல்லாச் சிறுவருக்குமான காரணமாகிவிடும். தமிழில் யோசித்து உருதுவில் சண்டையிட்டுக் கன்னடத்தில் விசாரிக்கப்படும் சிறுவன் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வது ஒத்துழையாமையாகவும் வருத்தமின்மையாகவும் எழுதப்பட்டுவிடலாம். ஏற்புநிலைக் கொள்கையின் முதல் நிபந்தனை இங்கே மொழிதான்: அவனது வீட்டு மொழி அறிந்தவர் உடனிருந்து, வீட்டிலும் பள்ளியிலும் நேரில் கேட்டு எழுதப்படாத அறிக்கையைக் குழுமம் திருப்பியனுப்ப வேண்டும்.

பெங்களூருக்கு இதில் வேறெந்த நகருக்கும் எளிதில் வாய்க்காத வசதி உண்டு. நீலசந்திராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் குழந்தை உளமருத்துவத் துறை, மாநில அரசின் ஆதரவோடு 2014-இல் தொடங்கிய சமூகப் பணித் திட்டத்தின்வழிக் கூர்நோக்கு இல்லச் சிறாருடன் பணியாற்றியது. குற்றத்தைத் தனித்து நோக்காமல், அதற்கு முன்னர்ச் சேர்ந்துவந்த இழப்பு, வன்முறை, கல்வித் தோல்வி, போதை ஆகியவற்றின் பாதையைக் கண்டறியும் உளசமூக மதிப்பீட்டுப் படிவத்தையும் அது உருவாக்கியது. நாகர்பாவியிலுள்ள தேசியச் சட்டப் பள்ளியின் குழந்தைகள் மற்றும் சட்ட மையம், சிறாரை வளர்ந்தவருக்கான விசாரணைக்கு மாற்றும் முறையையே எதிர்த்து வாதிட்டுவந்துள்ளது. தெருவோரச் சிறாரிடையே 1980 முதல் பணியாற்றும் போஸ்கோ அமைப்பும் இந்நகரில்தான் உள்ளது. இவர்களது அறிவு ஆறாம் படிவத்தை நிரப்பும் அலுவலரின் பயிற்சியாக மாறி, ஏழாம் படிவமான தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் ஒவ்வொரு தேவைக்கும் எதிரே ஒரு சேவையும் ஒரு பொறுப்பாளரும் ஒரு தேதியும் எழுதப்பட வேண்டும். பதின்பருவத்து இடர் மாறிக்கொண்டே இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டைப் புதுப்பிப்பதும் அவசியம்.

இவ்வாறு சேரும் தகவல் யார் கைக்குப் போகிறது என்பது எஞ்சிய கேள்வி. 99-ஆம் பிரிவு குழுமத்தின் முன்னுள்ள அறிக்கைகளை இரகசியமானவை என்கிறது. 24-ஆம் பிரிவு, வளர்ந்தவராக விசாரிக்கப்பட்டவர் நீங்கலாக ஏனைய சிறாரின் தகுதியிழப்பை நீக்கி, உரிய காலத்துக்குப் பின் பதிவுகளை அழிக்கச் சொல்கிறது. இடர் மதிப்பீட்டுத் தாள்களும் மதிப்பெண்களும் இந்த இரு பிரிவுகளுக்கும் உட்பட்டவை என்று கர்நாடக அரசு தன் விதிகளில் வெளிப்படையாக எழுதி, அவை காவல் நிலையத்தின் கண்காணிப்புப் பதிவேடுகளுக்குள் செல்வதைத் தடைசெய்த பிறகே எந்த மதிப்பீட்டுக் கருவியும் நீலசந்திராவின் சிறுவர்மீது பயன்படுத்தப்பட வேண்டும்.