அஞ்சு வரிசை முள்கம்பி

திருத்தணியிலிருந்து நகரி போகிற சாலையில் ஒரு டீக்கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் அங்கே குதிரைக்காரர்கள் மூன்று பேரைப் பார்க்கலாம். கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் குதிரை விடுகிறவர்கள். முகூர்த்தம் இல்லாத மாசத்தில் அவர்களுக்கு வேலை கிடையாது. குதிரைக்கும் கிடையாது. ஆகவே வேலியைப் பற்றிப் பேசுவார்கள்.

முதலாமவர் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அரை ஏக்கரைச் சுற்றி முள்கம்பி இழுத்து, கம்பி நெடுக வீட்டுப் பழைய புடவைகளைக் கிழித்துக் கட்டியிருக்கிறார். குதிரைக்குக் கம்பி கண்ணில் பட வேண்டுமே. "நல்ல புடவையெல்லாம் உன் வேலியிலதான் கீது. அண்ணி என்னாத்த கட்டினு போவாங்க?" என்று மற்ற இருவரும் ஓட்டுவார்கள். இரண்டாமவருடையது கள்ளி வேலி. அதன் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு நாளும் அவருக்கு யாராவது ஞாபகப்படுத்துவார்கள். மூன்றாமவரிடம் வேலியே இல்லை. குதிரையின் முன்னங்கால் இரண்டையும் கயிற்றில் தளைத்து ஏரிக்கரையில் விட்டுவிடுவார். "என் வேலி குதிரை போற எடத்துக்கெல்லாம் கூடவே போவுது. உங்க வேலி போவுதா?" என்பார்.

நானும் இரண்டு வருஷம் சிரித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் மென்பொருள் வேலை. சனி, ஞாயிறு வந்து போக அந்த ஏரிக்கரையை ஒட்டி எண்பது சென்ட் வாங்கியிருந்தேன். கல்தூண் நட்டு அஞ்சு வரிசை முள்கம்பி. உள்ளே பதினோரு மாங்கன்று, ஒரு பெயர்ப் பலகை. என் வேலிக்கு அவர்கள் வைத்த பெயர் 'அமெரிக்கா பார்டர்'. "உள்ள இன்னாதான் வச்சிகீற தம்பி, வைரமா?"

போன தீபாவளி ராத்திரி வெடிச் சத்தத்தில் மிரண்டு, மூன்றாமவரின் குதிரை தளையை அறுத்துக்கொண்டு ஓடியது. காலங்காலமாக அது ஓடிப் பழகிய வழி என் நிலத்தின் குறுக்கே போனது. இப்போது அங்கே கம்பி. மார்பிலும் வலது முன்னங்காலிலும் கிழிந்து, விடியும்வரை கம்பியோடு நின்றிருக்கிறது. மார்பில் போட்ட தையல் சீக்கிரம் ஆறியது. முழங்காலுக்குக் கீழே பட்ட காயம் குதிரைக்கு லேசில் ஆறாது. அங்கே சதை கிடையாது, தோலும் எலும்பும்தான். ஆறும்போதும் சதை மிஞ்சி வளர்ந்து மேடுதட்டும். ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு, தை முகூர்த்தமும் போச்சு. அவர் என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. டீக்கடையில் சொன்னது இவ்வளவுதான்: "பாஸ்போர்ட் இல்லாம போயிட்டா நைனா, பார்டர்ல புடிச்சிக்கினாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

இதை விபத்து என்று சொல்லித் தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை. ஒரு மென்பொருளை யாருக்காக எழுதுகிறோம் என்று கேட்காமல் எழுதினால் ஆபீசில் காறித் துப்புவார்கள். என் வேலி யாருக்காக? மாடு இல்லை, ஆடு இல்லை. பக்கத்து நிலத்துக்காரன் ஒரு அடி தள்ளி உழுதுவிடுவானோ என்ற பயம் மட்டும் இருந்தது. பத்திரத்தில் இருக்கிற கோட்டை நிலத்தில் முள்ளால் வரைந்து வைத்தேன். அந்தக் கோட்டைப் பக்கத்து நிலத்துக்காரனால் படிக்க முடியும், குதிரையால் முடியாது. கண் ரெண்டு பக்கமும் இருக்கிற பிராணி அது. மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. பயந்தால் நிற்காது, ஓடும். மாடு முள் குத்தினால் பின்வாங்கும். 1874-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். அது மாட்டை மறிக்க வந்த சரக்கு. குதிரைக்கு அது ஆகாது என்பதைப் புடவை கட்டுகிற மனுஷர் எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்து வைத்திருக்கிறார்.

என்னைப் போன்ற வார இறுதி விவசாயிகளிடம் உயிர்வேலி என்று சொல்லிப் பாருங்கள். "இடத்தை அடைக்கும் ப்ரோ" என்பார்கள். நாலடி அகலம் போகுமாம். பதினோரு மாங்கன்றுக்கு எண்பது சென்ட் வைத்திருப்பவன் நாலடிக்குக் கணக்குப் பார்க்கிறான்! அந்த நாலடியில்தான் நொச்சியும் ஆடாதொடையும் இருந்தன, கோவையும் பிரண்டையும் படர்ந்தன. வேலிப்பருத்தி என்று ஒரு கொடிக்குப் பெயரே வேலியால் வந்தது. ஓணானுக்கு வேலிதான் ஊர். சீமைக்கருவேலத்துக்குக்கூட நம் பக்கம் வேலிகாத்தான் என்று பெயர். வேலிக்கு வந்தவன் ஏரியையே வளைத்துக்கொண்டான் என்பது தனிக் கதை. இப்போது மனைப்பிரிவுகளில் 'பசுமை வேலி' என்று அரளியை நடுகிறார்கள். நாலு இலை தின்றால் மாடும் குதிரையும் செத்துப்போகும். பூ மட்டும் அழகு.

இடம் போகும் என்பவர்கள் ஒருமுறை காங்கேயம், மூலனூர் பக்கம் போய்க் கொறங்காட்டைப் பார்க்க வேண்டும். மழை குறைந்த மேட்டு நிலம். கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. நிலத்தைச் சில ஏக்கர் துண்டுகளாக அதே கிளுவையால் பிரித்து, ஒன்று மேய்ந்ததும் அடுத்ததற்கு மாட்டை மாற்றுவார்கள். மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம், வேலியே ஆள். காங்கேயம் மாடு அங்கே வளர்ந்தது. போத்து வெட்டி நட்டால் துளிர்க்கிற செடி கிளுவை. ஒரு இடத்தில் பட்டுப்போனால் பக்கத்துச் செடியிலேயே போத்து வெட்டி அடைக்கலாம். தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிற வேலி என்றால் என் ஆபீசில் அதற்கு விருது கொடுப்பார்கள்.

காட்டுப்பன்றியிடம் ஒரே ராத்திரியில் கடலையைப் பறிகொடுத்த சம்சாரியிடம் போய் நான் இதைப் பேச மாட்டேன். கிளுவை அடைவதற்கு வருஷக்கணக்காகும், அவருக்கு அடுத்த வாரமே கடன் தவணை. ஆனால் அவருக்கும் கம்பி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, நிலத்தைச் சுற்றி இழுத்த மின்கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பி நின்றன. மின்வேலிகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்று தமிழக அரசு விதி கொண்டுவந்தது அதே ஆண்டில்தான்.

உயிர்வேலி என்றாலே புண்ணியம் என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று. ராய் மாக்ஸமின் புத்தகம் 'உப்புவேலி' என்று சிறில் அலெக்ஸ் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. உப்பு வரிக்காக வெள்ளைக்காரன் வட இந்தியாவின் குறுக்கே நூற்றுக்கணக்கான மைல் வளர்த்த வேலியும் இலந்தையும் கருவேலும் கள்ளியும்தான். காவலுக்குச் சுமார் 12,000 பேர். 1879 ஏப்ரல் 1-இல்தான் அதைக் கைவிட்டார்கள். எங்கள் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் ஒரு ஏப்ரல் 1-இல், 1960-இல். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி வாங்கிய எல்லை அது. ஆனால் நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே யாரும் முள்கம்பி இழுக்கவில்லை. இங்கிருந்து குதிரை அங்கே கல்யாணத்துக்குப் போகிறது, தெலுங்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. ரெண்டு மாநிலத்துக்கு நடுவில் இல்லாத கம்பி என் எண்பது சென்ட்டுக்கு என்னத்துக்கு?

ஏரிப் பக்கத்துக் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். பழைய வழிக்கு இடம் விட்டு, தாராபுரத்திலிருந்து கொண்டுவந்த கிளுவைப் போத்துகளை நட்டிருக்கிறேன். பாதியை ஆடு தின்றுவிட்டது. "இந்த வேலி வளந்து முடியறதுக்குள்ள என் குதிரைக்குப் பேரப்புள்ளயே பொறந்துடும் தம்பி" என்றார் மூன்றாமவர். குதிரை இப்போது நடக்கிறது. ஊர்வலத்துக்கு இன்னும் விடவில்லை.

மீதி மூணு பக்கமும் கம்பிதான். அதில் கட்ட வீட்டிலிருந்து ரெண்டு புடவை எடுத்துவந்து கிழித்துக்கொண்டிருந்தேன். முதலாமவர் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்க அம்மாவுக்குத் தெரியுமா தம்பி?"