துவைத்த தோட்டாவுக்கும் வழக்கா?

ஆக, வழக்குதான் என்று போலீசார் முடிவுகட்டிவிட்டார்கள். பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர் அண்ணன். சலவை இயந்திரத்தில் சுழன்று, கொடியில் காய்ந்து, பெட்டிக்குள் போன அவருடைய பேன்ட்டோடு வளைகுடா வேலைக்குக் கிளம்பியவர் தம்பி. பாக்கெட்டில் ஒற்றைத் தோட்டா. விமான நிலைய ஸ்கேனர் காட்டிக்கொடுத்தது. விமானம் போய்விட்டது, வேலையும் போய்விடும் போலிருக்கிறது.

தோட்டா இருப்பது தெரிந்த எவராவது அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்களா? அது துவைக்கப்பட்டிருக்கிறது என்பதே அந்த வீட்டில் யாருக்கும் அது நினைவில் இல்லை என்பதற்குச் சாட்சி. இதைவிட நல்ல சாட்சியை எந்த வக்கீல் கொண்டுவர முடியும்?

ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். துணி உலர்த்தும் சூடு வெடிமருந்தைப் பற்றவைக்கப் போதாது. எப்படியோ வெடித்தாலும், துப்பாக்கிக் குழலுக்குள் இல்லாத தோட்டாவின் உறை கிழிந்து சிதறும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் கெடுதல்தான், மறுக்கவில்லை. பறிமுதல் செய்யட்டும். உரிமத்தைச் சரிபார்க்கட்டும். வழக்கு எதற்கு?

ஒருவர் ஆயுதம் வைத்திருந்ததாகச் சொல்ல, அது தன்னிடம் இருப்பதை அவர் அறிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே விளக்கிவிட்டது. 1994-இல் அரசியல் சாசன அமர்வும் அதையே சொன்னது. பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்றன்பின் ஒன்றாக ரத்து செய்து வருகிறது. நீதிமன்றத்தில் நிற்காது என்று தெரிந்தே பதிவாகும் வழக்கு இது. அப்புறம் தோட்டா தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். வெடிக்குமா என்று சோதிப்பார்கள். அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டும். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கும் சிக்கல். கடைசியில் விடுதலை ஆவார், சரி. அதற்குள் விசா காலம் முடிந்திருக்குமே, அதற்கு யார் பொறுப்பு?

இந்த அலட்சியம் அரசுக்குப் புதிதல்ல. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது, உரிமமில்லாத தோட்டாவுக்கான குறைந்தபட்சத் தண்டனையை ஓராண்டிலிருந்து இரண்டாக்கினார்கள், அதிகபட்சத்தை மூன்றிலிருந்து ஐந்தாக்கினார்கள். மறதிக்காக ஒரு வரி சேர்க்க மட்டும் கை வரவில்லை. 2024-இல் சென்னை விமான நிலையத்துக்கு 40 தோட்டாக்களோடு வந்த பிரமுகர் ஒருவர் உரிமத்தைக் காட்டினார், மறந்துவிட்டதாகச் சொன்னார், வீடு திரும்பினார். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. நாற்பதை மறக்கலாம், ஒன்றை மறக்கக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

இத்தகைய வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக மாவட்ட ஆட்சியர் நிலையில் முன் அனுமதி வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்கிறது. கோப்பைத் திறந்து படித்துவிட்டுத் திருப்பி அனுப்பத்தான் அந்தப் பிரிவு இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட அல்ல.

இதற்கு ஓர் ஒழுங்கு வந்தாக வேண்டும். உரியவர்கள் கூடிப் பேசி ஏதேனும் ஏற்பாடு செய்யட்டும். அதற்கு முன், விசா தேதி தாண்டுவதற்குள் இந்த வழக்கைக் கைவிடட்டும்.