இடி முழங்கத் தனிப் பெட்டி தேவையா?

மாமல்லபுரம் கடற்கரையில் பெரிய அலை மோதினால் காது மட்டுமா கேட்கிறது? நெஞ்சும் அதிர்கிறது! வீட்டு சினிமாவில் அந்த அதிர்வைத் தருவது 'சப்வூஃபர்' பெட்டி.

"எல்லா ஒலியும் தரும் 'ஃபுல்ரேஞ்ச்' ஸ்பீக்கர் இருக்கிறதே, இது எதற்கு?" செங்கல்பட்டில் கடைக்குப் போகும் குடும்பத்தினருக்கு இந்தச் சந்தேகம் வரும்.

மனிதக் காது நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். 20-ஐ ஒட்டிய கனத்த ஒலியில் சிறிய ஸ்பீக்கர் திணறிவிடும். சினிமாவில் இடி, வெடி முழக்கத்துக்கென்றே தனி ஒலித்தடம் உண்டு. '5.1' என்பதில் அந்த '.1' அதுதான்!

பாட்டுக் கேட்க இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். முதலில் அதை வாங்குங்கள். படம் பார்க்க ஆசையா? பணம் சேர்ந்ததும் சப்வூஃபர் வாங்கலாம்.

ஆனால், இரவில் அதைக் குறையுங்கள். கனத்த ஒலி சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க வேண்டாமா?