பேசாத மடிக்கணினி

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு இணைய வழியே நடைபெறுவதை அன்பர்கள் அறிவர். பள்ளியில் இந்தியும் தெருவில் வங்காளமும் பேசி வளரும் காரக்பூர்க் குழந்தைகளுக்கு ழகரத்தின் ஓசையைக் காதால் கேட்டன்றிக் கற்பிக்க இயலாது. அதன் பொருட்டே, 2020-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸ் முறைமையை, அதிலும் டெபியன் 11 என்னும் பதிப்பை, நண்பர் தந்த பென் டிரைவிலிருந்து நாமே நிறுவினோம்.

முதல் வகுப்பன்று மகள் கண் கலங்க வந்து நின்றாள். “அப்பா, டீச்சர் வாய் அசைவது தெரிகிறது; ஒன்றும் காதில் விழவில்லையே!” என்றாள். ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தோம். ஒலிபெருக்கியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘டம்மி அவுட்புட்’ என்றிருந்தது. பெயருக்கு ஒரு வாயில்; அப்பால் ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். பழுது பார்க்கும் கடையில் காட்டியபோது, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றும் 8,000 ரூபாய் ஆகும் என்றும் கூறினார்கள். மாதக் கடைசியில் குமாஸ்தா வீட்டில் அத்தொகைக்கு எங்கே போவது?

பார்சல் ஆபீசில் நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. சரக்கு வரவில்லை என்று ஒருவர் வந்து நின்றால், தொலைந்தது என்று உடனே எழுதிக் கொடுப்பதில்லை. வண்டியிலிருந்து இறங்கியதா, பேரேட்டில் பதிவானதா, உரிய சீட்டு உடன் வந்ததா என்று வரிசையாகப் பார்ப்போம். கணினியின் ஒலிக்கும் இவ்வரிசையே பொருந்தும் எனக் கண்டோம்.

முதலாவது, கருவி உள்ளே இருக்கிறதா என்பது. டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தில் எல்-எஸ்-பி-சி-ஐ என்னும் ஐந்து ஆங்கில எழுத்துக்களை இடைவெளியின்றித் தட்டினால் கருவிகளின் பட்டியல் வரும். அதில் ‘ஆடியோ’ என்னும் சொல் இல்லையெனில், கணினி தொடங்கும்போது பயாஸ் அமைப்பிற்குள் சென்று, ஒலி முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். அங்கும் குறையில்லை என்றால்தான் கடையை நாட வேண்டும். நம் பட்டியலில் இன்டெல் ஒலிக் கருவியின் பெயர் தெளிவாக இருந்தது. சரக்கு தொலையவில்லை என்ற தெம்பு பிறந்தது.

இரண்டாவது, பேரேடு. 2003-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6 முதற்கொண்டு ஒலிக் கருவிகளைப் பதிவு செய்யும் பொறுப்பு ‘ஆல்சா’ என்னும் பகுதியினுடையது. ‘ஏபிளே’ என்று தட்டி, இடம் விட்டு, சிறு கோடும் சிறிய ‘எல்’ எழுத்தும் சேர்த்தால் அப்பதிவு தெரியும். நமக்கோ ஒலி அட்டை எதுவுமில்லை என்ற விடையே வந்தது.

மூன்றாவது, சீட்டு. சூடோ என்னும் சொல்லை முன்னிட்டு டி-எம்-இ-எஸ்-ஜி எனத் தட்டினால், கணினி தொடங்கியது முதல் எழுதிவைத்த நாட்குறிப்பு வரும். அதில், ‘எஸ்.ஓ.எஃப்.’ என்னும் கோப்பை ஏற்ற இயலவில்லை, பிழை -2 என்றிருந்தது. -2 என்றால் கோப்பே இல்லை என்று பொருள். அண்மைக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் ஒலியைக் கவனிக்கத் தனியே ஒரு சிறு செயலி உண்டு. அதற்குரிய நிரலை ஃபர்ம்வேர் என்பர். அது வந்து சேராதவரை கருவி வாய் திறவாது. டெபியன் குழுவினர் கட்டற்றவை எனத் தாம் கொள்ளாத ஃபர்ம்வேர்களைத் தம் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காதிருந்தனர். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த டெபியன் 12 முதற்கொண்டு சேர்த்து வருகின்றனர். நம்முடையதோ அதற்கு முந்தைய பதிப்பு. வைஃபையும் வேலை செய்யாததால் கைப்பேசியைக் கம்பியால் இணைத்தே இணையம் பெற்று வந்தோம். இரு குறைக்கும் காரணம் ஒன்றே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இடையில் ஒரு நண்பர் சொற்படி, பழைய டிரைவரைக் கட்டாயப்படுத்தும் குறுக்கு வழியையும் முயன்றோம். ஒலிபெருக்கி பேசிற்று, உள்ளிருக்கும் மைக் செவிடாயிற்று. குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டாவா? ஆகவே அதனை நீக்கிவிட்டு, மென்பொருள் மூலப் பட்டியலில் ‘நான்-ஃப்ரீ’ என்னும் பிரிவைச் சேர்த்து, ‘ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்டு’ என்னும் பொதியை நிறுவிக் கணினியை மீண்டும் தொடக்கினோம். செலவு ஏதுமில்லை, மாலைப்பொழுது ஒன்றே கழிந்தது.

பேரேட்டில் பதிவிருந்தும் ஒலி வராத வீடுகளும் உண்டு. அவர்கள் ‘ஆல்சாமிக்ஸர்’ என்னும் கட்டளையைத் திறக்கலாம். ஒலிப்பட்டையின் கீழ் ‘எம்.எம்.’ என்றிருந்தால் கைகாட்டி இறங்கவில்லை என்று கொள்க. எம் விசையைத் தட்டினால் வழி திறக்கும். ஒலி வெளித்திரைக்கான எச்.டி.எம்.ஐ. வாயிலுக்குத் திரும்பியிருக்கிறதா என்பதையும் அமைப்பில் பார்த்தல் நலம். புதிதாக நிறுவுவோர் பழைய பதிப்பை நாட வேண்டா.

அடுத்த ஞாயிறன்று டீச்சர் “மழை” என்றார். மகள் “மளை” என்றாள். “இன்னொரு தரம் சொல்லம்மா” என்றார் அவர். நான்காம் முறை சரியாக வந்தது. அடுக்களையில் இருந்த அவள் பாட்டி அதைக் கேட்டு வெளியே வந்து பார்த்தார்.

இத்தகைய தொல்லை உடையோர் சனிக்கிழமை மாலை சங்கப் படிப்பகத்திற்குக் கணினியுடன் வரலாம். கடைக்குப் பணம் கட்டுமுன் ஒருமுறை சேர்ந்து பார்ப்போம்.